கல்லில் உள்ள எழுத்து திரையில் ஏன் மறைகிறது?

இன்று திருச்சானூர் என வழங்கும் ஊரைப் பழங்கல்வெட்டுகள் திருச்சோகினூர் எனக் குறிக்கின்றன. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 51ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அவ்வூர்த் திருவிளங்கோயில் பெருமானடிகளுக்குச் சோழநாட்டு உலகப்பெருமானார் விளக்கு வைத்ததைத் தமிழில் பதிவுசெய்கிறது. அருகிலுள்ள யோகிமல்லவரம் பராசரேசுவரர் கோயிலிலும் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. திருமலை, திருப்பதி வட்டாரக் கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி ஆராய்ந்து பதிப்பித்தார். தேவஸ்தானக் கல்வெட்டு வரிசையின் முதல் தொகுதி 1931இல் வெளிவந்தது.

அக்காலத்தில் கல்வெட்டாய்வின் அடிப்படை மைப்படி. கல்லைத் தூய்மைசெய்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிக் குழிகளுக்குள் பதியச்செய்து, மேலே மை ஒற்றுவர். கல்பரப்பு கருக்கும், எழுத்து வெண்மையாக நிற்கும். தாள் சரியாகப் பதியாத இடத்தில் எழுத்தும் தவறும். ஆதலால் ஐயம் எழுந்தால் ஆய்வாளர் மீண்டும் கல்லிடமே சென்றனர். படி வேறு, மூலம் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

இன்று மைப்படியுடன் ஒளிப்படமும் சேர்ந்துவிட்டது. பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி எடுத்த படத்தை மடிக்கணினியில் ஏற்றி, பெரிய வெளித்திரையை இணைத்துத் திருத்துகின்றனர். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மடிக்கணினித் திரையில் தெரிந்த எழுத்தின் வளைவு, வெளித்திரையில் கருமைக்குள் மூழ்கிவிடுகிறது. சில வேளைகளில் இதற்கு நேர்மாறாகப் படம் முழுவதும் சாம்பல் பூத்து வெளிறுகிறது. திரை பழுது என்று முடிவுகட்டுவோர் பலர். பெரும்பாலும் பழுது திரையில் இல்லை. அதன் வேர் தொலைக்காட்சியின் வரலாற்றில் உள்ளது.

நிறத்தை எண்ணால் அளக்கும் முறையைப் பன்னாட்டு ஒளியூட்ட ஆணையம் வகுத்ததும், திருப்பதித் தொகுதி வெளிவந்த அதே 1931இல்தான். அரை நூற்றாண்டு கழித்து, 1982இல், இலக்கமுறைத் தொலைக்காட்சிக்கான தரம் உருவானது. ஒளிச்செறிவுக்கு 0 முதல் 255 வரை 256 படிகள் இருந்தும், கருமையை 16இலும் வெண்மையை 235இலும் அத்தரம் நிறுத்தியது. சமிக்ஞை எல்லை மீறினால் தாங்குவதற்காக இருபுறமும் இடம் விடப்பட்டது. கணினி உலகமோ 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்தியது. 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ இணைப்பு கணினிக்கென்றே அமைந்தது. ஆகவே இரு மரபுகளும் மோதவில்லை. 2002 இறுதியில் வரையறுக்கப்பட்ட எச்டிஎம்ஐ, தொலைக்காட்சிப் பெட்டியையும் கணினித் திரையையும் ஒரே வடத்தில் கொண்டுவந்தபோதுதான் மோதல் வீட்டுக்குள் நுழைந்தது.

வெளித்திரை தன்னைப் பற்றிய விவரத்தை 128 பைட் கொண்ட சிறு குறிப்பாகக் கணினிக்குச் சொல்லும் முறை 1994இல் வந்தது. எச்டிஎம்ஐ திரைகள் அதனுடன் தொலைக்காட்சி சார்ந்த இணைப்புக் குறிப்பையும் அனுப்புகின்றன. அதைப் படிக்கும் மடிக்கணினி சில வேளைகளில் எதிரிலிருப்பது தொலைக்காட்சி என்று கொண்டு, 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது. திரை முழு வீச்சை எதிர்பார்த்தால் படம் வெளிறும். மாறாக, கணினி முழு வீச்சை அனுப்ப, திரை குறுகிய வீச்சை எதிர்பார்த்தால், 16க்குக் கீழுள்ள நிழல்கள் யாவும் ஒரே கருமையாகும். தேய்ந்த கல்லில் பகரத்தையும் மகரத்தையும் பிரித்துக்காட்டும் வளைவு பெரும்பாலும் அந்த நிழலில்தான் இருக்கிறது.

தீர்வுக்கு ஒழுங்கு உண்டு. முதலில் 0 முதல் 255 வரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல்நிறப் பட்டை ஒன்றை இரு திரைகளிலும் திறக்கவேண்டும். கீழ்ப்படிகள் ஒன்றாகக் கலந்தாலோ, கருமையே சாம்பலாகத் தெரிந்தாலோ, வரைகலை இயக்கியின் அமைப்பில் வெளியீட்டை முழு ஆர்ஜிபி வீச்சுக்கு மாற்றி, திரையின் பட்டியலிலுள்ள கருமை அளவையும் அதற்கிசையப் பொருத்தவேண்டும். தெளிவுத்திறன் திரையின் இயல்பான அளவில் உள்ளதா என்று பார்த்து, தானியங்கு மாறுபாடு, இரவு ஒளி ஆகியவற்றை அணைக்கவேண்டும். திருந்தவில்லையெனில் வடத்தையும் இடைமாற்றியையும் மாற்றிப் பார்க்கலாம். இவை முடிந்த பின்னரே நிற அளவீட்டுக் கருவியால் அத்திரைக்கென நிறக்குறிப்பு உருவாக்கவேண்டும். 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடித் தொடங்கிய பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு வகுத்த குறிப்பு அது. ஒரு திரைக்கு உரியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. வீச்சைச் சரிசெய்யாமல் அளவீடு செய்வது, மை ஒட்டாத தாளிலிருந்து பாடம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

திரை பொய் காட்டினாலும் கோப்பு மாறுவதில்லை என்பது உண்மை. ஆயினும் அந்தப் பொய்யை நம்பி நிழலைத் தூக்கிச் சேமிப்பவர் கோப்பையே மாற்றிவிடுகிறார். பின்னர் அப்படத்தை அச்சில் காண்பவருக்குக் கல் எட்டாத் தொலைவில் இருக்கும், படமே மூலமாகிவிடும். மைப்படிக் காலத்து ஆய்வாளர் கொண்ட ஐயம் திரைக்கும் பொருந்தும்: திரையும் ஒரு படியே.