பிள்ளைகளிடம் பொறுப்பு கொடுத்த வரலாறு



"எஸ்.பி.எம். வருது, இனிமே பிள்ளையைக் கோயில் இளைஞர் பகுதிக்கு அனுப்ப முடியாது" என்று சில பெற்றோர் எங்களிடம் சொல்லியிருக்காங்க. அவங்க கவலை நியாயமானது. ஆனால் முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி நம் சமுதாயத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1950களில் கோ. சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' நாளிதழ் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதி நடத்தியது. சிங்கப்பூர், மலாயா பிள்ளைங்க அதில் எழுதினாங்க. எழுதியதோடு நிற்கவில்லை, பல ஊர்களில் மணிமன்றங்கள் எழுந்தன. கூட்டம் நடத்துவது, கணக்கு வைப்பது, மேடை ஏறிப் பேசுவது எல்லாம் இளையவர்கள் கையில்தான். நம் மூத்த எழுத்தாளர்கள் பலர் அங்கே பழகி வந்தவர்களே.

பிறகு காலம் மாறியது. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் ஒன்றாம் ஆண்டில் தொடங்கிய மலாய்வழிக் கல்வி, 1983இல் பல்கலைக்கழக முதலாண்டு வரை வந்துவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, அப்புறம்தான் படிவம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. பாதியில் நின்றவர்கள் ஏராளம். வீட்டில் வழி சொல்லவும் ஆள் இல்லை.

அந்த நேரத்தில், 1982இல், மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா அவர்கள் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் பலர். அங்கே படித்து மேலே போன பிள்ளைங்க திரும்பி வந்து, அடுத்த தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆண்டுதோறும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் போவாங்க. பக்தியும் படிப்பும் அங்கே ஒன்றாகவே நடந்தது.

இதனால் என்ன பயன்? நாளைக்கு வகுப்பு எடுக்கணும்னா இன்றைக்கே தயார் செய்யணும். பத்து பேர் காத்திருந்தா நேரத்துக்குப் போகணும். பல்கலைக்கழகத்தில் அம்மா எழுப்பிவிட மாட்டாங்க. குழுவாகச் சேர்ந்து வேலை செய்யணும், எல்லார் முன்னாடியும் எழுந்து பேசணும். இதற்கு முன்னமே பழகினவன் அங்கே தடுமாற மாட்டான்.

எங்களில் சிலர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். சான்றிதழ் நிறைய வைத்திருந்தும், மெஷின் பழுதானால் யாரிடமும் சொல்லாமல் நிற்கிற இளைஞர்களைப் பார்க்கிறோம். உடனே வந்து சொல்லி, நாலு பேரை வைத்துச் சமாளிக்கிறவரைத்தான் லைன் லீடராகப் போடுறோம். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது.

அதற்காகப் பிள்ளைங்க எந்நேரமும் கோயிலில் நிற்கணும்னு நாங்கள் சொல்லவில்லை. நாற்காலி தூக்க மட்டும் அவங்களைக் கூப்பிடுவதும் தலைமைத்துவப் பயிற்சி ஆகாது. வாரம் இரண்டு மணி நேரம் போதும். அன்னதானக் கணக்கு, சின்னப் பிள்ளைகளின் டியூஷன், திருவிழாவில் ஒரு பகுதி என்று ஒரு முழுப் பொறுப்பை அவங்க கையில் கொடுப்போம். பெரியவங்க பக்கத்தில் இருப்போம், பிடுங்க மாட்டோம். சோதனை மாதங்களில் முழு விடுப்பு.

ஞாயிறு பூஜை முடிந்ததும் மண்டபத்தில் இதைப் பேசுவோம். பெற்றோர்கள் பிள்ளைகளோடு வாங்க. பேரை எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவங்களும் கூட இருந்து சொல்லட்டும்.

முருகன் துணை.
ஆலயத் தொண்டர்கள்