கருப்பு வெள்ளை மீன்கொத்தி

ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகச் சீனாவின் தென்பகுதி வரை ஆறு, ஏரி, காயல் ஓரங்களில் வாழும் பறவை கருப்பு வெள்ளை மீன்கொத்தி. செரைல் ரூடிஸ் என்பது அறிவியல் பெயர். 1758இல் லின்னேயஸ் விவரித்தார். ஆணின் மார்பில் இரண்டு கரும்பட்டைகள் உண்டு. பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் நடுவில் அறுந்திருக்கும். நீருக்கு மேல் ஓரிடத்தில் நின்றபடி சிறகடித்து, இரையைக் கண்டதும் தலைகீழாகப் பாய்கிறது. சிறுமீனைப் பறந்துகொண்டே விழுங்கிவிடும் என்பதால் கிளை தேடிக் கரைக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஏரியின் நடுப்பகுதியும் அதன் வேட்டைக்களம்தான். குஞ்சு வளர்க்கும் காலத்தில் இந்த வசதி கைகொடுப்பதில்லை. ஒவ்வொரு மீனையும் கரைமேட்டில் குடைந்த வளைக்குச் சுமந்துவர வேண்டும். இப்பறவையின் குடும்ப அமைப்பைத் தீர்மானிப்பது இந்தச் சுமையே.

கென்யாவில் விக்டோரியா, நைவாஷா ஏரிகளில் இதை ஆராய்ந்தவர் ஹைன்ஸ்-உல்ரிக் ரையர். இணைகளுக்கு உதவும் ஆண்கள் இரு வகை என்று அவர் கண்டார். முதல் வகை, முந்தைய ஈட்டில் பிறந்த மகன். பெற்றோருக்கு ஈடாக இரை கொண்டுவந்து தம்பி தங்கைகளை வளர்ப்பான். இதை மட்டும் பார்த்தால், உதவிக்குக் காரணம் இரத்த உறவே என்று சொல்லிவிடலாம். இரண்டாம் வகையினரோ எந்த உறவும் இல்லாதவர்கள். பெண்பறவைகள் குறைவாக இருப்பதால் துணை கிடைக்காமல், அடுத்த ஆண்டு தாங்கள் உதவும் இணையின் பெண்ணோடு சேரும் வாய்ப்புக்காக உழைப்பவர்கள். மகனின் உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு. அந்நியனிடம் அது இனப்பெருக்கம் செய்யும் ஆணின் அளவுக்கு உண்டு. வீட்டு ஆணுக்கு அவன் போட்டியாளன் என்பதால் முதலில் விரட்டப்படுகிறான். ஆயினும் விக்டோரியாவில் குஞ்சு பொரித்தபின் பல இணைகள் அவனை ஏற்கின்றன. நைவாஷாவில் பெரும்பாலும் ஏற்பதில்லை. விக்டோரியாவில் அலை அதிகம், மீன்கள் சிறியவை, வேட்டைக்கும் தொலைவு போக வேண்டும். உதவ விரும்புவதற்கு உறவோ எதிர்பார்ப்போ காரணமாகலாம். அந்நியனுக்கு வாசல் திறப்பது பெற்றோரின் தேவைதான்.

இரண்டு ஏரிகளுக்கிடையே வேறுபாடுகள் எத்தனையோ இருக்க, இரையை மட்டும் காரணமாக்குவது சரியா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை தந்தது ரையரும் வெஸ்டர்டெர்ப்பும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. வளைகளில் குஞ்சுகளின் எண்ணிக்கையை மாற்றி, பெற்றோர் செலவிடும் ஆற்றலை அவர்கள் அளந்தார்கள். நைவாஷாவில் குஞ்சுகளைக் கூட்டியபோது, அதுவரை அந்நியரை அண்டவிடாத இணைகளும் அவர்களைச் சேர்த்துக்கொண்டன.