கணக்கில் அகப்பட்டவர்கள்

அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் விடும்போது தகப்பனார், பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்கிறோம். நாலாவது பெயர் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் நம்மில் பலருக்கு வாய் அடைத்துப் போகிறது. என் வீட்டிலும் இதே கதைதான். கொள்ளுப்பாட்டனாருக்கு அப்பால், 'காவேரிக்கரைப் பக்கமிருந்து வந்தவர்களாம்' என்ற ஓர் 'ஆம்' விகுதியோடு எங்கள் வம்ச சரித்திரம் முடிந்துவிடுகிறது. அந்த விகுதியைத் தாண்டிப் போக நான் முயன்றதும் இல்லை.

முயல்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் யூதர்களைப் போல விடாப்பிடிக்காரர்கள் வேறு யாரும் இருப்பார்களா என்பது சந்தேகம். பல தலைமுறையாக லண்டனில் வாழும் ஒரு யூதக் குடும்பத்துப் பெண், தன் பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று தேடப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஜெபாலயத்துப் புத்தகங்கள் அவளுக்கு ஓரளவுதான் உதவும். மிச்சத்துக்கு அவள் போய் நிற்க வேண்டிய இடம் சர்க்கார் ஆவணக் காப்பகம். அங்கே இரண்டு கட்டுகள் அவளுக்காகக் காத்திருக்கின்றன. ஒன்று ஜனத்தொகைக் கணக்கு, மற்றொன்று உயில்கள். முதலாவதை எழுதியவன், வீடு வீடாக அலைந்து கால் கடுத்த ஒரு கணக்கெடுப்பாளன். இரண்டாவதை எழுதியவன் கூலிக்கு எழுதிய குமாஸ்தா. இருவருக்கும் அந்தக் குடும்பத்தின்மீது எவ்விதப் பற்றும் கிடையாது. பற்றில்லாதவன் எழுதியதில்தான் அதிக உண்மை கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுவே மருவிப் பேரன் ஆயிற்று. ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்களுக்கும் இதே வழக்கம்தான். பாட்டன் கல்லுப்போல உட்கார்ந்திருக்கும்போதே பேரனுக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். ஜெர்மனி, போலந்து வழி வந்தவர்களுக்கோ அது ஆகாது. உயிரோடிருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் அவருடைய ஆயுளுக்கு ஹானி என்று பயம். ஆகையால் அப்படிப்பட்ட வீட்டில் 'ஜேக்கப்' என்ற குழந்தை பிறந்திருந்தால், அதற்குள் கிழவர் ஜேக்கப் காலமாகிவிட்டார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது வகையினரில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயரும் வெகுகாலம் இருக்கவில்லை. ஆபிரகாமின் மகன் ஐசக். ஐசக்கின் மகன் மோசஸ். நம் இனிஷியல் மாதிரி தகப்பன் பெயர்தான் அடையாளம். வரிக்கும் பட்டாளத்துக்கும் ஆள் தேடிய சர்க்கார்கள்தான் அவர்களுக்குக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கின. ஆஸ்திரியா 1787-இலும், நெப்போலியன் 1808-இலும், பிரஷ்யா 1812-இலும் இதற்குச் சட்டம் செய்தார்கள். அதற்கு முந்திய தலைமுறையைத் தேடுகிறவர்கள் படும் பாட்டை, ஐந்து ராமசாமிகள் உள்ள கிராமத்தில் ஒரு ராமசாமிக்குத் தபால் கொண்டுபோன சேவகனைக் கேட்டால் தெரியும்.

இங்கிலாந்திலிருந்து யூதர்களை 1290-இல் முதலாம் எட்வர்ட் மன்னன் துரத்திவிட்டான். அதன்பின் மூன்றரை நூற்றாண்டுக் காலம் அந்த நாட்டில் யூதர் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு வசிக்க முடியவில்லை. ஆனால் 1650-ஐ ஒட்டி லண்டனில் சில ஸ்பானிய, போர்ச்சுகீசிய வியாபாரிகள் இருந்தார்கள். ஸ்பானியத் தூதர் வீட்டு ஆலயத்துக்குப் பூசைக்குப் போவார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஹீப்ருவில் ஜெபம் செய்வார்கள். வெளியே அன்டோனியோ பெர்னாண்டஸ் கார்வஹால், உள்ளே ஆபிரகாம். மதவிசாரணைக்குப் பயந்து பல தலைமுறையாக இப்படி இரண்டு பெயரில் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள்.

இந்த ரகசியத்தை உடைத்தது மதம் அல்ல, சொத்து. 1656-இல் ஸ்பெயினோடு இங்கிலாந்து யுத்தம் செய்துகொண்டிருந்தது. அன்டோனியோ ரொட்ரிகஸ் ரோப்ளஸ் என்ற வியாபாரியின் கப்பல்களையும் சரக்கையும் எதிரி நாட்டுப் பிரஜையின் உடைமை என்று பறிமுதல் செய்துவிட்டார்கள். அவருக்கு இரண்டே வழி. சொத்தை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தாம் ஸ்பானியர் அல்ல, போர்ச்சுகலில் பிறந்த யூதர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் இரண்டாவதைச் செய்தார். கிராம்வெல்லின் ஆலோசனைச் சபை யோசித்துப் பார்த்துச் சொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. யூதன் என்று சொன்ன ஒருவனுக்கு அந்த ராஜ்யம் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. மற்றவர்களும் மெல்ல மூச்சு விட்டார்கள். அந்த வழக்குக்காக எடுத்த சாட்சி வாக்குமூலங்களில்தான் அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தின் முகங்கள் நமக்கு முதன்முதலாகத் தெரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லூசியன் வுல்ஃப் என்ற பத்திரிகைக்காரர் சர்க்கார் கடிதக் கட்டுகளைப் புரட்டி இவர்களையெல்லாம் வெளியே கொண்டுவந்தார்.

சொத்து வந்துவிட்டால் உயிலும் வந்தாக வேண்டும் அல்லவா? இங்கே ஒரு வேடிக்கை. 1858 வரையில் வசதியுள்ளவர்களின் உயில்கள் பதிவான பெரிய இடம் காண்டர்பரி ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம். சிலுவைக்குப் பயந்து லிஸ்பனிலிருந்து ஓடிவந்தவன் தன் மகளுக்கு விட்டுப்போன வெள்ளிப் பாத்திரத்துக்கு ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் முத்திரை வேண்டியிருந்தது! அந்தக் கோர்ட்டின் பெரிய பெரிய புத்தகங்களில் குமாஸ்தாக்கள் எழுதிவைத்த பிரதிகள் இன்றும் இருக்கின்றன. இறந்தவருக்கு மறுபெயர் இருந்தால் அதையும் அங்கே எழுதியிருப்பார்கள். வாழ்நாளெல்லாம் மறைத்த பெயரைச் சாகும்போது மறைக்க முடியாது. மறைத்தால் வாரிசுக்குக் காசு வராது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் தங்கை, லெகார்னில் இருக்கும் மைத்துனன், இன்ன பெயருள்ள பேரன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். நாலு ஊரில் சிதறிப்போன குடும்பத்தை ஒரு காகிதத்தில் உட்கார வைக்கிறது உயில்.

நம் சென்னைப்பட்டணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இத்தாலியின் லெகார்னிலிருந்து லண்டன் வழியாகப் பவழம் இங்கே வரும். இங்கிருந்து கோல்கொண்டா வைரம் லண்டனுக்குப் போகும். இந்த வியாபாரத்துக்காகவே லண்டன் யூதக் குடும்பங்கள் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு ஆள் அனுப்பின. 1688-இல் சென்னை நகரசபை ஏற்பட்டபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்கள். அவர்கள் பெயரைப் பாருங்கள்: பார்த்தலோமியோ ரொட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா பொன்சேகா. பார்த்தலோமியோ என்பது ஏசுநாதரின் சீடர் ஒருவருடைய பெயர். டொமிங்கோ என்றால் ஞாயிற்றுக்கிழமை! பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவன் இவர்களைக் கடைசிவரை கண்டுபிடிக்க மாட்டான். 1709-இல் இதே ஊரில் காலமான வைர வியாபாரி ஐசக் அபெந்தானாவோ பட்டவர்த்தனமாக ஹீப்ருப் பெயரோடு இருக்கிறார். இருபது வருஷத்துக்குள் பயம் எவ்வளவு தெளிந்துவிட்டது! பவழக்காரத் தெருவில் நடக்கும்போது எனக்கு அந்த டொமிங்கோவின் ஞாபகம் வருவதுண்டு.

உயில் எப்போதும் எழுதியவன் சொற்படி நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எலியாஸ் டி பாஸ் என்ற லண்டன் யூதர், தம் சமயக் கல்வி நடக்கும் பாடசாலை ஒன்றுக்காக 1,200 பவுன் எழுதிவைத்தார். 1744-இல் விவகாரம் கோர்ட்டில் முடிந்தபோது, கிறிஸ்தவம் அல்லாத மதத்தைக் கற்பிப்பது தர்மமாகாது என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பணத்தில் 1,000 பவுன், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக லண்டனில் இருந்த இல்லத்துக்குப் போயிற்று. எதற்காக? அந்தக் குழந்தைகளுக்குக் கிறிஸ்தவ போதனை செய்வதற்காக! டி பாஸின் ஆத்மா சாந்தியடைந்திருக்குமா என்று நான் கேட்கப் போவதில்லை.

உயில் இருப்பவன் கதை இது. இல்லாதவன் கதை ஜனத்தொகைக் கணக்கில் இருக்கிறது.

லண்டன் வாசிகளை வீடு வீடாகப் பெயர் சொல்லி எழுதிய பழைய ஜாபிதா ஒன்று 1695-இல் தயாராயிற்று. பிரான்சோடு செய்த யுத்தச் செலவுக்காகப் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் வரி போட்டார்கள். இருபத்தைந்து வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாத ஆண்களுக்குத் தனி வரி வேறு. அந்த வரி ஜாபிதாவில் வேலைக்காரி வரையில் யூதக் குடும்பங்கள் அகப்பட்டுக்கொண்டன. முறையான ஜனத்தொகைக் கணக்கில் ஒவ்வொருவர் பெயரும் வருவது 1841 முதல்தான். ஆனால் அந்த வருஷத்துக் கணக்கை நம்பி ஜாதகம் கணிக்க முடியாது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். இருபத்தொன்பது வயதுக்காரி இருபத்தைந்து ஆகிவிடுவாள். எந்தப் பெண்ணும் ஆட்சேபித்திருக்க மாட்டாள். பிறந்த ஊர் கேட்கவில்லை. வெளிநாட்டான் என்றால் ஒற்றை எழுத்துத்தான். 1851-இல் பிறந்த இடம் கேட்டார்கள். உள்நாட்டானுக்கு ஊர் பெயர் விழுந்தது. வெளியிலிருந்து வந்தவனுக்குப் பெரும்பாலும் 'போலந்து' அல்லது 'ஹாலந்து' என்ற நாட்டின் பெயரோடு சரி. மதத்தைப் பற்றி இங்கிலாந்துக் கணக்கில் 2001 வரை கேட்கவே இல்லை. யூதனா என்பதைப் பெயரையும் தெருவையும் தொழிலையும் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

1881-க்குப் பிறகு ருஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து ஏழை யூதர்கள் கூட்டம் கூட்டமாக லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். தையல்காரர்கள், சுருட்டுச் சுற்றுகிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள். அவர்கள் கணக்கெடுப்பாளனைக் கண்டு நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் விட்டு வந்த நாட்டில் தலைவரிக்கும் பட்டாளத்துக்கும்தான் ஜாபிதா எடுப்பார்கள். 1827 முதல் யூதப் பையன்களையும் ஜார் சைன்யத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்மார்கள் பிள்ளையை மறைத்தார்கள், வயதை மாற்றிச் சொன்னார்கள், வேறு வீட்டுக் கணக்கில் எழுதிவைத்தார்கள். அந்தப் பொய்களை அவிழ்க்க இன்று பேரப்பிள்ளைகள் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொய்கள் இல்லாவிட்டால் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இதற்கு மேல் எழுதுவதற்குக் கை தயங்குகிறது. 1939-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி ஜெர்மனியில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். வழக்கமான படிவத்தோடு தனி அட்டை ஒன்றும் வந்தது. உன் பாட்டன் பாட்டிமார் நால்வரில் யார் யார் யூத இனம் என்று அதில் கேட்டிருந்தார்கள். லண்டன் பெண் ஆசையோடு கேட்ட அதே கேள்விதான். பூர்த்தி செய்த அட்டையை உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும், இரகசியம் காக்கப்படுமாம்! அந்த அட்டைகள் பல இன்று ஜெர்மனியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மாண்டவர்களின் பெயரைத் தொகுக்க அவை உதவுகின்றன.

ஹாலந்தில் நேர்ந்தது இன்னும் கொடுமை. அந்த நாட்டில் பிரஜைகளின் பதிவேடு வெகு ஒழுங்கு. 1941-இல் நாஜி ஆட்சியின் உத்தரவுப்படி யூதர்கள் தாமே போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். அங்கே இருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. 1943 மார்ச் 27-ஆம் தேதி இரவு, போலீஸ் உடை தரித்த சிலர் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்து வெடி வைத்துத் தீ மூட்டினார்கள். தலைமை வகித்தவர்களில் வில்லெம் அரொந்தேயுஸ் ஓவியர், நாவலாசிரியர். கெரித் வான் டெர் வேன் சிற்பி. தீயணைப்புக்காரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்தார்கள். வந்தபின் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சி, நெருப்புக்குத் தப்பியதையும் நாசம் செய்தார்கள். அப்படியும் பெரும்பகுதி அட்டைகள் தப்பிவிட்டன. பன்னிரண்டு பேரை ஜூலை 1-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அரொந்தேயுஸும் அவர்களில் ஒருவர். காகிதத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு எழுத்தாளன் காகிதத்தைக் கொளுத்தப் போய் உயிரை விட்டான்.

இதையெல்லாம் படித்த பின் அந்த லண்டன் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அவள் கையில் இருப்பது 1911-ஆம் வருஷத்துப் படிவம். குடும்பத் தலைவன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்ட படிவங்கள் நமக்குக் கிடைப்பது அந்த வருஷம் முதல்தான். அதில் கல்யாணமான பெண்ணைப் பற்றிச் சில கேள்விகள்: மணமாகி எத்தனை வருஷம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. எண்ணிக்கை எழுதினால் போதும். ஆனால் அந்த வருஷத்தில் சில தகப்பன்மார் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், இறந்துபோன குழந்தைகளின் பெயர்களையும் இருப்பவர்களோடு சேர்த்து வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கெடுப்பாளன் சிவப்பு மசியால் ஒரு கோடு இழுத்து அந்தப் பெயர்களை அடித்திருக்கிறான். கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது.