வெள்ளி நீரும் லேபிள் வாசகமும்

பொருளின் பெயரும் அதன் குணமும் பொருந்தியிருக்குமிடத்து வர்த்தகம் தர்மமாகும், பொருந்தாவிடத்து வஞ்சகமாகும். போடிநாயக்கனூர் வாசிகளுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏலமலைச் சரிவுகளில் விளைந்து போடிமெட்டு வழியாய் இறங்கும் காயை நம்மவர் சல்லடையிலிட்டுப் பருமன் பிரித்து, ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கின்றதென நிறுத்து, பச்சை நிறம் இயற்கையோ சாயமோ என்று நோக்கிய பின்னரே விலை கூறுவர். மூட்டையின்மேல் எழுதியதை மாத்திரம் நம்பி ஏலம் கேட்பார் ஒருவருமிலர். அங்ஙனமிருக்க, உடம்பிற்குள் செலுத்தும் பொருளை வாங்குங்கால் மட்டும் சீசாவின் மேலுள்ள வாசகத்தை ஆராயாது நம்புதல் என்ன நியாயம்? நுண்ணிய வெள்ளித் துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, “கொலாய்டல் சில்வர்” என்று விற்கப்படும் வெள்ளி நீரின் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்கு நல்லதோர் பாடமாகும்.

வெள்ளிக்கு வைத்திய குணமே இல்லையென்று நாம் கூற வந்திலோம். 1880-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் கிரெடே என்னும் பிரசவ வைத்தியர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் நூற்றுக்கு 2 பங்கு வலிவுள்ள வெள்ளி நைட்ரேட் துளியை இடலானார். அதனால் அவருடைய மருத்துவமனையில் சிசுக்களின் பார்வையைப் பறித்துவந்த கண்ணோய் மிகவும் அருகிற்று. 1902-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பார்ன்ஸ் என்பவரும் அவர் கூட்டாளியும் வெளியிட்ட “ஆர்ஜிரால்” என்னும் வெள்ளி மருந்து தேசங்கள்தோறும் பரவிற்று. இன்றும் தீப்புண்ணுக்கு வெள்ளி சேர்ந்த களிம்பை வைத்தியர் இடுகின்றனர். ஆயின் இவையாவும் கண்ணிலும் புண்ணிலும் மேலே இடப்படுவன. மேலே இட்டது நலஞ்செய்ததால், உள்ளே குடித்ததும் நலஞ்செய்யும் என்பது பெறப்படாது. பெனிசிலின் முதலிய மருந்துகள் 1940-களில் வந்தபின் வெள்ளியின் ஆட்சி பெரும்பாலும் ஒழிந்தது.

உள்ளே புகுந்த வெள்ளி செய்யும் தீங்கு யாதெனில், அது தோலின்கண் படிந்து, வெளிச்சம் படப்படக் கறுக்கும். பழைய புகைப்படத் தகட்டில் வெள்ளியுப்பு கறுத்ததும் இம்முறையினாலேயே. நெடுநாள் உண்டவர்க்கு முகமும் கையும் நீலங்கலந்த சாம்பல் நிறமாகும். அந்நிறம் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீங்காது. அன்றியும் சில கிருமிநாச மருந்துகளையும் தைராய்டு மாத்திரையையும் உடம்பு ஏற்கவொட்டாது வெள்ளி தடுக்கும். இரும்பும் சுண்ணமும் போல வெள்ளியும் உடம்பிற்கு வேண்டிய சத்து என்பதற்கோ ஆதாரமில்லை.

இனி லேபிளின் தந்திரத்தைக் காண்போம். 1999-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார், வைத்தியர் சீட்டின்றி விற்கும் வெள்ளி மருந்துகள் பயனும் பத்திரமும் உடையனவென்று ஒப்புக்கொள்ளப்பட்டவையல்லவெனத் தீர்ப்பளித்தனர். எனினும் 1994-ஆம் வருஷத்துச் சட்டம் “உணவுத் துணைப்பொருள்” என்றோர் இனத்தை வகுத்திருந்தது. வியாபாரிகள் “மருந்து” என்ற சொல்லை நீக்கி, அவ்வினத்தின் பெயரால் அதே நீரை விற்றனர். சீசாவின்மேல் “எந்நோயையும் தீர்ப்பதற்கன்று” என்று சிற்றெழுத்தில் அச்சிட்டு, நோய் தீருமென்பதை விளம்பரத்தில் உரத்துக் கூறினோர் பலர். 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொரோனாவை வெள்ளி தீர்க்குமென்று விற்ற சிலர்க்கு அவ்வரசாங்கத்தார் எச்சரிக்கைக் கடிதம் விடுக்க நேர்ந்தது.

நம் தேசத்திலும் இத்தகைய சட்டம் கஷ்டத்தினின்றே பிறந்தது. மலைக்காய்ச்சல் மலிந்திருந்த நாளில் ஏலமலையில் உழைப்பவர்க்குக் கொயினாவே உயிர்த்துணை. அக்கொயினாவிலேயே கலப்படம் மிகுந்ததென்ற முறையீட்டின் மேல் 1927-இல் இந்திய இராஜாங்க சபையில் தீர்மானம் வந்தது. 1930-இல் சோப்ரா தலைமையில் விசாரணைக் கமிட்டி அமைந்தது. 1940-இல் மருந்துச் சட்டம் பிறந்தது. நீரிழிவு, புற்று முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் விலக்கிற்று. 1964-இல் சித்த, ஆயுர்வேத மருந்துகளும் மருந்துச் சட்டத்தின் ஆளுகைக்குள் வந்தன.

நம் சித்த வைத்தியத்திலும் வெள்ளிப் பற்பம் உண்டே எனச் சிலர் வினவலாம். அது சுத்தி செய்து, புடமிட்டு, அளவும் அனுபானமும் பத்தியமும் வகுத்து, நோயாளியின் நாடி பார்த்த வைத்தியர் தருவது. அதன் பெருமையைக் காட்டி, மின்சாரத்தால் வெள்ளிக் கம்பியைக் கரைத்த நீரை விற்பது, ஒருவர் தோட்டத்துக் காயை வேறொருவர் பெயரில் விற்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே நம் குலத்து இல்லந்தோறும், சீசாவை வாங்குமுன் அதன் லேபிளைப் படித்தல் வழக்கமாகுக. சித்த மருந்தாயின், அவ்வினப் பெயரும், சேர்ந்த சரக்குகளும், அவற்றின் அளவும், லைசென்ஸ் எண்ணும் அதிலிருத்தல் வேண்டும். உணவுத் துணைப்பொருளாயின், “மருந்தாகப் பயன்படுத்தற்கன்று” என்னும் பொருள்பட எழுதியிருத்தல் வேண்டுமென்பது 2016-ஆம் வருஷத்து விதி. அவ்வாறு எழுதிக்கொண்டே நோய் தீர்ப்பதாகப் பேசுவோரிடம் காசு கொடாதீர். விசேஷமாகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வெள்ளி நீரைக் கொடுத்தல் ஆகாது. காயை நிறுத்து வாங்கும் கை, சொல்லையும் நிறுத்து வாங்குக.