திண்ணைப் பள்ளியின் தலைமையும் சூழலும்

பள்ளியொன்று செவ்வனே நடைபெறின் தலைமை ஆசிரியரைப் புகழ்தலும், நடைபெறாதாயின் அவரையே பழித்தலும் உலகியல்பு. எனினும், ஆசிரியர் யாரிடம் ஊதியம் பெற்றார், யார்க்கு விடை கூறக் கடமைப்பட்டிருந்தார் என்பவற்றை அறியாது அவர்தம் தலைமையை மதிப்பிடல் இயலாது என்பது எம் கருத்து. இதனைத் திண்ணைப் பள்ளி வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியரிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் வரைந்த குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரவர்க்கு ஒன்று. ஆசிரியர் வருவாய் பொதுவாகத் திங்களுக்கு ஆறேழு ரூபாவுக்கு மேற்படவில்லை என்றும் அவர் குறித்துள்ளார்.

அச்சிறு வருவாயும் காசாகவும் நெல்லாகவும், நவராத்திரியில் மாணவர் கோலாட்டமடித்து வீடுதோறும் பாடிப் பெற்ற நன்கொடையாகவும் வந்தது. எனவே பள்ளியின் போக்கை ஊரே வகுத்தது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குச் சென்றனர்; ஆசிரியர் தடுத்திலர். எண்சுவடியும் ஓலை வாசிப்பும் ஊரார்க்கு வேண்டியவை, அவையே பாடமாயின. பல நிலை மாணவரை ஒருவரே கற்பிக்க வேண்டியிருந்தமையின், மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையோரை நடத்தினான். இவ்வேற்பாடு தேவையிற் பிறந்தது.

சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையாளர் ஆண்டுரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். துணையாசிரியர் அதற்கு இணங்காமையின் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு கற்பித்தார். 1797இல் இலண்டனில் வெளிவந்த அவர்தம் நூலால் மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் முறை இங்கிலாந்திற் பரவியது. ஊர்த் திண்ணையில் சட்டாம்பிள்ளை அறிமுகமான சில சிறுவரை நடத்தினான். ஆங்கு அவனையொத்தோர், நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் கற்பிக்கும் கருவியாயினர். சூழல் மாறவே முறையின் பயனும் மாறிற்று.

1854ஆம் ஆண்டின் கல்வி ஆணைக்குப் பின், 1855இல் மாகாணக் கல்வித்துறை அமைந்தது. மேற்பார்வையாளர் வருகையும் உதவித்தொகையும் ஒன்றையொன்று தொடர்ந்தன. ஊராரை நோக்கியிருந்த ஆசிரியர் முகம் மேற்பார்வையாளரை நோக்கித் திரும்பியது. வருகைப் பதிவேடும் கால அட்டவணையும் இன்றியமையாதன ஆயின.

இம்மாற்றத்தை இழப்பு எனக் கொள்ளலாமோ? முழுதும் கொள்ளலாகாது. ஊராரின் ஆதரவில் வாழ்ந்த ஆசிரியர், ஊரார் விலக்கியோரைத் திண்ணையில் ஏற்றல் அரிது. தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனச் சிறப்பு உதவிகளை வகுத்த 1893ஆம் ஆண்டின் அரசாணை ஊராரிடமிருந்து வந்ததன்று. ஆயின், ஊர்ப் பருவத்தோடு இயைந்த நெகிழ்ச்சி அரசு முறையில் அருகியதும் உண்மையே.

ஆதலின், தன்வரலாறுகளிற் காணும் திண்ணை ஆசிரியரின் கடுமையையோ கனிவையோ அவர்தம் குணமாக மட்டும் கொள்ளற்க. அவர்க்கு நெல் அளந்தவர் யாவர், அந்நெல்லுக்கு ஈடாக எதனை எதிர்பார்த்தனர் என்பவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பதே எம் முடிபு.