கோபுரத்தை வெளியே நின்று பார்த்தவர்கள்

ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் வந்தால், ஊர் வருமுன்னே கோபுரம் கண்ணில் பட்டுவிடும். பதினோரு நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்றும் சொல்வார்கள். அந்தப் பழமொழியைக் கேட்டால் எங்கள் பாட்டி சிரிப்பாள். "உள்ள விடமாட்டான். அதான் கோபுரத்தக் கும்பிட்டாப் போதும்னு சொல்லி வச்சிருக்கான். களையெடுக்குற எடத்துல நிமுந்து ஒரு கும்புடு போடுவோம். பெறகு குனிஞ்சுக்குவோம். வேற என்னத்தக் கண்டோம்?"

அரண்மனை, குகை, நந்தவனம் பார்க்கப் போவதற்கு இன்று சுற்றுலா என்று பெயர். நம் சனங்களுக்கு அது சுற்றுலாவாகத் தொடங்கவில்லை. பார்க்க வந்ததற்கே நம்மிடம் கணக்குக் கேட்டார்கள். அண்ணல் அம்பேத்கரிடமே கேட்டார்கள்.

1934இல் அவரும் இயக்கத் தோழர்களும் வேரூல் (எல்லோரா) பவுத்தக் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். வழியில் நிஜாம் ஆட்சியிலிருந்த தௌலதாபாத் கோட்டை. அது ரம்ஜான் மாதம். கோட்டை வாசலருகே தண்ணீர் நிறைந்த ஒரு குளம். பயணப் புழுதி போகச் சிலர் முகம், கால் கழுவினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு முதியவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார், குளம் தீட்டாகிவிட்டது என்று. கூட்டம் கூடியது. உங்கள் மதம் இதைத்தான் சொல்லித் தருகிறதா, தீண்டப்படாதவர் ஒருவர் முஸ்லிமானால் அவரையும் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்டார். கூட்டத்திடம் பதில் இல்லை. கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள், எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. காவலுக்கு ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவனும் கூடவே வந்தான். வெளிநாட்டில் பட்டங்கள் வாங்கி வந்த மனிதர் ஒரு பழைய கோட்டையைப் பார்த்த கதை இது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு திருவில்லிபுத்தூருக்குள் நடப்போம்.

திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட மன்னரின் பெயரில் நிற்கும் அந்தக் கட்டடம் இன்று அரசு பாதுகாக்கும் சின்னம். பக்கத்து மூவரைவென்றானில் முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், பாறையைக் குடைந்து செய்தது. மன்னன் பெயர் தெரியும், வம்சம் தெரியும். கல்லுடைத்தவன், மண் சுமந்தவள், சாந்து குழைத்தவள் யார்? கேட்டால் 'அந்தக் காலத்து ஆட்கள்' என்பார்கள். அவர்களுக்கும் ஊர் இருந்தது, தெரு இருந்தது, பெயரும் இருந்தது.

பிறகு நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஒரு பெண்குழந்தையைக் கண்டெடுத்தார், அதுதான் ஆண்டாள் என்பது கதை. பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளை. என்ன சாதி என்று கதை கேட்கவில்லை, எடுத்து வளர்த்தவரும் கேட்கவில்லை. ஊரே அவளைத் தாயார் என்று கும்பிடுகிறது. அந்தக் கோயில் வாசலில் நம் பாட்டன் பூட்டனிடம் மட்டும் சாதி கேட்டது ஏன்?

பிரெஞ்சுப் புரட்சி நடந்த நாட்டில், மன்னர்களின் அரண்மனையாக இருந்த லூவ்ர் 1793இல் பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நம் பக்கத்தில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தோழர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல். வைத்தியநாத அய்யர் அழைத்துப் போனார். நுழைந்த பிறகுதான் அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் வந்தது. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல். நம்மைத் தடுத்தவர்கள் காலமெல்லாம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். வழக்கம்.

2024 டிசம்பர் 15 அன்று இதே ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்று மரியாதை ஏற்றுக்கொண்டார். அர்ச்சகர்கள், மடாதிபதிகள் போன்றோர் தவிர யாரும் அதற்குள் போகும் வழக்கம் இல்லை என்று அறநிலையத்துறை விளக்கியது. வெளிவந்த செய்தி பொய், சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவனல்ல நான் என்று அவர் சொன்னார். அவர் சொல்லை மதிப்போம். அந்தத் தடை நமக்கு மட்டுமல்ல, பிற சாதியாருக்கும் உண்டு என்பதும் உண்மை. நம் கேள்வி அவரைப் பற்றியது அல்ல, வழக்கம் என்ற சொல்லைப் பற்றியது. குளக்கரையில் நின்ற அந்தச் சொல் கோபுர வாசலுக்கு வந்தது. சட்டம் வந்த பிறகும் சாகவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறது. பிறப்பைக் கேட்காமல் ஒரு பிள்ளையைத் தூக்கிய ஊரில், யார் எதுவரை போகலாம் என்று கோடு போட்டது யார்?

மாணவர்களை மகாலுக்கும் குகைக்கும் கூட்டிப்போகிற தோழர்கள் கட்டாயம் போகட்டும். அது நம் முன்னோர் உழைப்பு, நாம் பார்க்காமல் யார் பார்ப்பது? ஆனால் திரும்பும்போது பக்கத்துச் சேரியிலும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அங்கே வயதில் மூத்த பெண் யாரோ அவரிடம் கேளுங்கள். எந்தத் தெருவரை போனீங்க? எந்தக் கெணத்துல தண்ணி எடுத்தீங்க? மொதத் தடவ கோயிலுக்குள்ள எப்பப் போனீங்க, யாரு கூட? சொன்னதைச் சொன்னபடியே வருசத்தோடு எழுதி வையுங்கள்.

எங்கள் பாட்டியிடம் நான் இதையெல்லாம் கேட்கவில்லை. களத்துமேட்டில் நின்று கும்பிட்டதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபுரத்துக்குள் கடைசிவரை போனாளா இல்லையா, எனக்குத் தெரியாது.