பயணியின் உயிரும் பேருந்து உரிமையாளரின் பொறுப்பும்

நாடாளுமன்றம் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், வண்டி கவிழ்ந்து காயமடைந்த பயணிக்கு உரிமையாளர் பணம் தர வேண்டும் என்ற விதி இருந்தபோதிலும், அந்தப் பயணி இறந்துவிட்டால் அவருடைய குடும்பத்தார் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதே நெடுங்கால நிலையாக இருந்தது. 1808இல் விசாரிக்கப்பட்ட பேக்கர் எதிர் போல்டன் வழக்கில், பொதுப் பயணத்துக்கான குதிரை வண்டியின் மேல்தட்டில் ஏறிச் சென்ற தம்பதியருள் மனைவி, வண்டி கவிழ்ந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து இறந்துபோனார். கணவருடைய சொந்தக் காயங்களுக்கும், மனைவி இறக்கும் நாள்வரை அவருடைய துணையை இழந்திருந்ததற்கும் மட்டுமே கணக்குப் பார்க்கலாம் என்று எலன்பரோ பிரபு முடிவு சொல்ல, 100 பவுன் வழங்கப்பட்டது. வண்டி நடத்துபவருக்குப் பயணியை முடமாக்குவதைவிடக் கொன்றுவிடுவது மலிவாக முடிந்த அந்தச் சட்டம், எந்த அளவுகோலாலும் நியாயப்படுத்த முடியாதது.

இறப்புக்குக் காரணமான பொருளை, அல்லது அதன் மதிப்பை, அரசுடைமையாக்கும் பழைய வழக்கம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1841இல் சானிங் என்னுமிடத்தில் நடந்த தொடர்வண்டி விபத்தில் எஞ்சின், பெட்டிகள் ஆகியவற்றின்மீது ஜூரிகள் 1,000 பவுன் விதித்தது இந்த வழக்கத்தின்படியே. தொடர்வண்டி விபத்துகள் பெருகிய அக்காலத்தில் 1846ஆம் ஆண்டு அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டு, அதே ஆண்டில் காம்ப்பெல் பிரபுவின் பெயரால் அறியப்படும் சட்டம், இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையை முதன்முறையாக அளித்தது. அதை ஒட்டி 1855இல் இந்தியாவில் இயற்றப்பட்ட 13ஆம் எண் சட்டத்தின்படி, இறந்தவர் உயிரோடிருந்தால் வழக்குத் தொடுத்திருக்கக்கூடிய நேர்வுகளில், அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக இழப்பீடு கோரலாம்.

உரிமை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்தி, உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது, சம்பாதித்தவரைப் பறிகொடுத்த குடும்பத்தால் இயலக்கூடியதன்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 1956இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்து வழக்குகளை மட்டும் விசாரிக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. ஆயினும் 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பேருந்துக்கு வெளியே அடிபட்டவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டிய உச்சவரம்பு மொத்தம் 50,000 ரூபாயாக இருக்க, பேருந்துக்குள் கட்டணம் செலுத்தி அமர்ந்திருந்த ஒரு பயணிக்கான உச்சவரம்பு 5,000 ரூபாயாகவே இருந்தது. தீர்ப்பாயம் அதற்குமேல் வழங்கினால் எஞ்சியதை உரிமையாளரே தர வேண்டும் என்றாலும், ஒன்றிரண்டு பேருந்துகளை மட்டும் வைத்திருந்தவரிடமிருந்து அதைப் பெறுவது பெரும்பாலும் ஏட்டளவு உரிமையே.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுப் பேருந்து வழக்கு ஒன்றுக்குத் தனி இடம் உண்டு. என்.கே.வி. சகோதரர்கள் நிறுவனத்தின் பேருந்து ஒன்று, இருட்டிய பிறகு, தாழத் தொங்கிய உயர் மின்னழுத்தக் கம்பியில் மோதியதில் 26 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 8 பேர் அங்கேயே இறந்தனர். குற்ற வழக்கில் ஓட்டுநர், இது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ‘கடவுளின் செயல்’ என்ற காரணத்தால் விடுவிக்கப்பட்டார். அந்த விடுதலையைக் காட்டி நிறுவனமும் பொறுப்பிலிருந்து விலக முயன்றது. ஆனால், கம்பி தொங்குவதைக் கண்டு பயணிகள் கூச்சலிட்டும் ஓட்டுநர் பேருந்தை வேகமாகச் செலுத்தினார் என்று தீர்ப்பாயம் கண்டறிந்திருந்தது. வேலையாளின் தவற்றுக்கு முதலாளி விடையளிக்க வேண்டும் என்னும் பதிலிப் பொறுப்புக் கோட்பாட்டின்படி, உயர் நீதிமன்றமும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் குற்ற அசட்டையின் அளவு வேறு, இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவின் அளவு வேறு என்பதைத் தெளிவாக்கியதோடு, சிறுசிறு ஐயங்களைச் சாக்காக வைத்து உரிமையாளர்கள் தப்பிவிடாதபடி தீர்ப்பாயங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும், தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு வழங்கும் முறை வர வேண்டும் என்றும் வலியுறுத்தினார். சுருக்கமான அந்தத் தீர்ப்பு இன்றும் விபத்து வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது.

தவற்றை நிறுவாமலே இழப்பீடு பெறும் முறை 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. இறப்புக்கு 15,000 ரூபாய் என்ற அந்தத் தொகை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 25,000 ஆகவும், 1994இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கும் முறைக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் ஒரே சீரான அட்டவணை தந்தது.

1972 முதல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எனப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றியதால், தமிழ்நாட்டில் பெரும்பாலான வழக்குகளில் எதிர்த்தரப்பு அரசு நிறுவனமாகவே அமைந்தது. தனி நிதி ஒன்றை வைத்திருந்தால் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்கச் சட்டம் இடம் தருவதால், தீர்ப்பான தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்காமல் கழகத்திடமே கேட்க வேண்டியிருக்கிறது. கழகம் தாமதிக்கும்போது, இறந்தவரின் குடும்பத்தார் நிறைவேற்று மனு தாக்கல் செய்து நீதிமன்ற ஆணை பெற, அமீனா பேருந்து நிலையத்துக்குச் சென்று பயணிகளை இறக்கிவிட்டு அரசுப் பேருந்தை ஜப்தி செய்து, நீதிமன்ற வளாகத்தில் நிறுத்துகிறார். பணம் செலுத்தப்படும்வரை அந்தப் பேருந்து சாலைக்குத் திரும்புவதில்லை.